மேடத்தின் நெற்றிப்பட்டை

"எதை வேணும்னாலும் கேளு. குதிரை பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதே."

"ஏங்க, கடிச்சிடுச்சா?"

"இல்ல. பாத்துச்சு."

"பாத்துச்சா?"

"ஒரு கண்ணால. இன்னொரு கண்ணு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கு. ஒரு கண்ணால மட்டும் பாக்கிற ஆளை நான் எப்படி நம்புறது?"

தங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் இப்படிச் சொன்னபோது, பல் டாக்டர் சிரித்துக்கொண்டே சரியென்று தலையாட்டிவிட்டாள். ஆட்டிய தலையை எப்படித் திரும்ப வாங்குவது என்பதுதான் இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை.

அவள் குதிரை ஓட்டுவது டிரெஸ்ஸாஜ் என்ற போட்டியில். பந்தயம் இல்லை, பாய்ச்சல் இல்லை. மணல் களத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நிற்கும். ஏ-யில் நுழை, எக்ஸில் நில், சி-யில் இடப்பக்கம் திரும்பு என்று ஒரு வரிசை இருக்கும். குதிரை அதை அடி பிசகாமல், நாட்டியம் மாதிரிச் செய்ய வேண்டும். வேலிக்கு வெளியே ஒருவர் நின்று அந்த வரிசையை உரக்க வாசிக்கலாம். மற்றவர்களுக்கு அண்ணனோ, மாமாவோ, மாமியாரோ வந்து வாசிப்பார்கள். அவளுக்கு அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள். போன தடவை லாயத்து மேனேஜர் பாதியில் போன் வந்து பேசப் போய்விட்டார். அவளும் குதிரையும் களத்தின் நடுவில் விருந்தாளிகள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்கள்.

கண் பரிசோதனைக்கு வந்து பதறுகிறவர்களை, "அவசரமே இல்ல, அடுத்த எழுத்து பாருங்க" என்று நாள் முழுக்க நிதானப்படுத்துகிற குரல் ஒன்று அவள் வீட்டிலேயே இருந்தது. அந்தக் குரல் வேலியோரம் நின்று ஒருமுறை தனக்காக வாசிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவளுக்கு இதைக் கேட்கத் தன் வாய் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அவள் பிறந்தநாளுக்கு அவன் ஒரு கடிவாளம் வாங்கிக் கொடுத்தான். கறுப்புத் தோல், மெத்தென்ற மூக்குப்பட்டை, நெற்றிப்பட்டையில் வரிசையாக நீலக் கற்கள். அளவு சொல்லிச் செய்ய வைத்தது. குதிரை பக்கமே வராதவன் எப்படி அளவெடுத்தான் என்று அவள் கேட்டதற்கு, "தொழில் ரகசியம்" என்றான். அவள் உருகிப்போனாள்.

குதிரை உருகவில்லை. லாயத்தில் எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்தப் பெண்குதிரை, புதுக் கடிவாளம் ஏறிய நாளிலிருந்து தலையை உதறத் தொடங்கியது. பல் டாக்டர் உடனே அதன் வாயைத் திறந்து பார்த்தாள். பல்லில் கோளாறில்லை. வாய்க்கம்பியை மாற்றினாள். உதறல். வேறு கம்பி போட்டாள். அதற்கும் உதறல். போட்டிக்கு முந்தின நாள் மதியம், குதிரைச் சாமான்கள் விற்கும் தோல்கடை அக்காவை வரச்சொன்னாள்.

அன்று பார்த்து அவள் கார் ஒர்க்‌ஷாப்பில். அதனால் அவன்தான் லாயத்துக்குக் கொண்டுவந்து விட்டான். விட்டவன் இறங்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"யாரு, வீட்டுக்காரரா?" என்றாள் அக்கா, நாலைந்து கடிவாளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபடி. "ஏன் பார்சல் மாதிரி உள்ளேயே இருக்காரு?"

"அவருக்கு அலர்ஜி அக்கா."

"குதிரைமுடியா?"

"குதிரை."

அக்கா சிரித்துக்கொண்டே மேடத்தின் வாய்ப்பக்கம் குனிந்தாள். பல் டாக்டரும் கூடவே குனிந்தாள். மேடம் உதறியது. பிறகு தலையைச் சாய்த்துக் கம்பத்தில் தேய்த்தது.

கார்க் கண்ணாடி சர்ரென்று இறங்கியது.

"வாயை விடுங்க! காதுக்குப் பின்னாடி பாருங்க!"

இருவரும் திரும்பினார்கள். அவன் காரைவிட்டு இறங்கி, வேகமாக வந்துகொண்டிருந்தான். "கண்ணாடி பிரேம் டைட்டா இருந்தா எங்கிட்ட வர்றவங்க இதைத்தான் செய்வாங்க. தலைவலின்னு டாக்டர்கிட்ட போவாங்க, மாத்திரை போடுவாங்க, வலி எல்லாம் காதுக்குப் பின்னாடி இருக்கும்!"

சொல்லிக்கொண்டே குதிரையின் கழுத்தருகே வந்துவிட்டான். காதுக்குப் பின்னால் ஓடும் தலைப்பட்டைக்கு அடியில் விரலைவிடப் பார்த்தான். நுனிகூடப் போகவில்லை.

"நெத்திப்பட்டை குட்டைங்க," என்றாள் அக்கா, தொட்டுப் பார்த்து. "அது ரெண்டு பக்கமும் இழுக்குது, தலைப்பட்டை வந்து காதடியில அறுக்குது. யாரு அளவெடுத்தது?"

அவன் முகம் தொங்கிவிட்டது. "நான்தான். போட்டோவுல."

"எந்தப் போட்டோ?" என்றாள் பல் டாக்டர்.

"பிரிட்ஜில ஒட்டியிருக்கியே, நீயும் இதுவும் தலையோட தலை வெச்சு. நீ போட்டிருக்கிற கண்ணாடி எவ்வளவு அகலம்னு எனக்கு மனப்பாடம். அதை வெச்சு இது நெத்தியைக் கணக்குப் போட்டேன்."

"நேரா?"

"நேரா. கண்ணாடிக்கு அப்படித்தானே எடுப்போம். நெத்தி வளைஞ்சிருக்கும், பட்டை சுத்திப் போகணும்னு தோணவே இல்ல."

"நான் மட்டும் என்னவாம்? பாவம், இத்தனை நாளா இது வாயையே நோண்டிட்டிருந்தேன்."

"நல்ல ஜோடி," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இதுக்குப் பல் செட்டும் கண்ணாடியும் மாட்டியிருப்பீங்க."

பிறகு அக்கா கொண்டுவந்தவற்றை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். முதலாவது பளபளவென்று இருந்தது, ஆனால் கன்னப்பட்டை கண்ணோரம் உரசியது. "கண்ணுகிட்ட வேண்டாம்," என்று அவனே தள்ளிவிட்டான். இரண்டாவதில் மூக்குப்பட்டை வாயைப் பூட்டுப் போட்ட மாதிரி இறுகியது. "மெல்லவே முடியாதே," என்று இவள் கழற்றினாள். மூன்றாவதில் கல்லும் இல்லை, மினுக்கும் இல்லை. தலைப்பட்டை காதடியில் உள்வாங்கி வெட்டப்பட்டு, பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. நெற்றிப்பட்டை தாராளமாக வளைந்து கிடந்தது. அவன் விரல் காதடியில் லேசாக நுழைந்தது. அவள் மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள், இடம் இருந்தது. மேடம் நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையைத் தாழ்த்தி, அவன் சட்டைப் பையை முகர்ந்தது. அவன் கல்லாகிவிட்டான். ஆனால் ஓடவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து களத்தை ஒரு சுற்று வந்தாள், பிறகு மறுபக்கமாக ஒரு சுற்று. உதறல் இல்லை. தோல்கடை அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, மிச்சத்தை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். அவன் மட்டும் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தான். காருக்குள் போக வேண்டும் என்பதே மறந்துபோன மாதிரி.

அவள் குதிரையை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். எத்தனையோ பேர் நாற்காலியில் சாய்ந்து, டிரில் சத்தம் கேட்டுப் படபடப்பதைப் பார்த்தவள். இன்றைக்குத் தன் முறை.

"ஏங்க."

"சொல்லு."

"கார் எப்போ ரெடியாகும்னு போன் பண்ணாங்களா?"

"இல்ல."

"மழை வரும் போல இல்ல?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மேகமே இல்லை. "என்னம்மா, என்ன விஷயம்? அவசரமே இல்ல, நிதானமா சொல்லு."

அவள் கடிவாள வாரை விரலில் ஒருமுறை சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நாளைக்கு இங்க வெளிய நின்னு, எனக்கு நீங்க வாசிக்கணும்."