ஆறாம் அறை மரம்

கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் படத்தைச் சாய்த்து வைத்தாள். "பாருங்க, உங்க மரம். நல்லாத் தெரியுதா?"

கணவர் கையை ஆட்டினார். கிட்டக் கொண்டுவா என்கிறாரோ? நாற்காலியை இழுத்தாள். அவர் கை இன்னும் வேகமாக ஆடியது.

இருபத்தாறு வருஷம் அருங்காட்சியகத்தின் ஆறாம் அறையில் காவல் இருந்தவர். அங்கே இருந்தது ஒரே படம். அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்த ஒற்றை மரம். ஓய்வு பெற்ற அன்று அதன் நகலைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். பீரோ மேல் போட்டவர்தான், ஒருநாள்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

காலையில் டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்குத் தாண்டாதும்மா. நிம்மதியா போகட்டும்."

நிம்மதியாம்! எந்தக் கடையில் விற்கிறது அது? விடிந்ததிலிருந்து மனுஷன் தலையைத் தூக்கித் தூக்கிப் பின்னால் திரும்பப் பார்க்கிறார். "மரம் எங்க... மரம்..." ஒரே பேச்சு. படத்தை முகத்தருகே கொண்டுபோனால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்.

"என்னதாங்க வேணும்? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!" கத்திவிட்டு, கத்தியதற்காக அழுதாள்.

பதினோரு மணிக்கு அவரோடு வேலை பார்த்த காவலாளி வந்தான். படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணி முன்னாடி வச்சிருக்கீங்க? ஆறாம் அறையில காவலுக்குப் போட்ட நாற்காலி வாசலைப் பார்த்துல்ல இருக்கும். அண்ணனுக்கு மரம் எப்பவும் முதுகுக்குப் பின்னாடிதான்."

அட மனுஷா, இதை ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா?

சுத்தியலைத் தேடி எடுத்தாள். தலைமாட்டுச் சுவரில் ஆணி இறங்கவில்லை, வளைந்தது. இன்னொன்றும் வளைந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் உடம்பு திடுக்கிட்டது. சுத்தியலை வீசிவிட்டுக் கட்டில்மேல் ஏறினாள். தலையணைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்று, படத்தை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள்.

"இருக்குங்க. பின்னாடிதான் இருக்கு."

அவர் தலை தலையணையில் இறங்கியது. கண்கள் திறந்து வாசலைப் பார்த்தன, யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பதுபோல.

எவ்வளவு நேரமோ, அவள் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. காவலாளி குனிந்து அவர் மூக்கருகே விரல் வைத்தான். மெதுவாக நிமிர்ந்தான்.

"அண்ணி... போதும். இறக்குங்க."

அவள் இறக்கவில்லை. இடது கையைச் சற்று உயர்த்தினாள்.

"கோணலா இருக்கான்னு பார்த்துச் சொல்லு."