கிறிகோரி மாஸ்ரரின் பழைய இங்கிலீசும் ஒரு குசினித் திறப்பும்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது: 1996ஆம் ஆண்டு வைகாசி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, பின்னேரம் நாலரை மணிக்கு, பலெர்மோ நகரத்தின் தலைவிதி மாற்றி எழுதப்பட்டது. எழுதியவர் கிறிகோரி மாஸ்ரர். எழுதிய இடம் அல்பெர்கேரியாவில் மீன்கடைக்கு மேலேயிருந்த அவருடைய ஒற்றை அறை. சாட்சிக்கு அகில சிசிலித் தமிழ் அறிவாளர் பேரவையின் அங்கத்தவர் அத்தனை பேரும் திரண்டிருந்தார்கள். ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் நித்திரை. வியாழன் பின்னேரம்தான் வீட்டுவேலைக்காரருக்கு லீவு என்பதால் சரித்திரமும் அந்த நேரத்துக்குள்தான் நடந்தாகவேண்டும்.

விசயம் அருள்நாயகியுடையது. இரண்டு வருசத்துக்கு முதல், வீட்டுவேலைக்குப் போன முதல் நாளே, எசமானி சிஞ்ஞோரா அவளுடைய பாஸ்போட்டை வாங்கி, "பத்திரமாக இருக்கட்டும்" என்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. லாச்சித் திறப்பு சிஞ்ஞோராவின் கழுத்தில், மாதா சுரூபத்தோடு தொங்கியது. வாற செவ்வாய் காலை கெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பாஸ்போட்டைக் காட்டினால்தான் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார்கள். காட்டாவிட்டால் இந்த நாட்டில் அவள் இல்லாத ஆள். நாலு தரம் கேட்டுவிட்டாள். நாலு தரமும் ஒரே பதில்: "தொமானி." நாளைக்கு.

"நான் ஒரு கடிதம் எழுதுறன்," என்றார் மாஸ்ரர்.

இளவாலையில் முப்பது வருசம் இங்கிலீஸ் படிப்பித்தவர். இங்கே ஒரு பல்வைத்தியரின் மாடிப்படி கழுவுகிறார். முன்மட்டை கழன்ற ஒரு அகராதியைக் கடல் தாண்டிச் சுமந்து வந்திருந்தார். அவருடைய சித்தாந்தம் எளிமையானது. வெள்ளைத்தோல் உள்ள எல்லோருக்கும் இங்கிலீஸ் தெரியும். இங்கிலீஸ் எவ்வளவு பழசோ, அவ்வளவுக்கு அவர்கள் நடுங்குவார்கள்.

"டைன்," என்றார், கண்ணை மூடிக்கொண்டு. "அந்தக் காலத்து இங்கிலீஸ். வேலி அடைச்சு மூடுறது. தொலைக்கிறதுக்கும் ஒரு டைன் கிடக்கு. ரெண்டையும் ஒரே வசனத்திலை இறக்கிறன். மனுசி ஆடிப்போகும்."

"ஆடினால் லாச்சியைத் திறப்பாவோ, மாஸ்ரர்?" என்று கேட்டாள் அருள்நாயகி.

"பொறு பிள்ளை. ஸ்டீக், கதவைச் சாத்துறது. பின்ஃபோல்ட், கட்டாக்காலி மாடு பிடிச்சு அடைக்கிற பட்டி. 'என்னைப் பின்ஃபோல்டில் அடைத்த பெருமாட்டியே' எண்டு துவங்குவம்."

"அப்ப நான் கட்டாக்காலி மாடோ?"

நித்திரையிலிருந்த நகுலேஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்து, "உவமை அக்கா, உவமை" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மூடினான்.

நாலு பக்கம். பாஸ்குத் திருநாள் மெழுகுதிரியை உருக்கிவிட்டு, பேரவை முத்திரையும் குத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சிஞ்ஞோரா உறையை வாங்கி, மெழுகைத் தடவிப் பார்த்து, "பெல்லோ," வடிவாயிருக்கு, என்றா. சனிக்கிழமை அருள்நாயகி பாஸ்போட்டைக் கேட்டாள்.

"தொமானி."

நாளைக்கு ஞாயிறு. பதினாலு பேருக்கு மத்தியானச் சாப்பாடு. மகன் குடும்பம், மச்சாள்மார், அவர்களுக்கு நடுவில் ஒரு மொன்சிஞ்ஞோர், பெரிய சாமியார். அருள்நாயகி ஆறு மணிக்கு எழும்பினாள். கத்தரிக்காய் பொரித்தாள், அனெல்லெத்திப் பாஸ்தாவைத் தட்டத்தில் அடுக்கி வேகவைத்து இறக்கினாள், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஒரு மணிக்குக் குசினியைப் பூட்டினாள். திறப்பைச் சட்டைக்குள் போட்டாள். விறாந்தையில் கிடந்த பட்டு மெத்தைக் கதிரையில், இரண்டு வருசம் தூசு மட்டும் தட்டிய கதிரையில், காலுக்கு மேல் கால் போட்டு இருந்தாள்.

"நாயகி! பாஸ்தா எங்கே?"

"தொமானி," என்றாள் அருள்நாயகி.

சிஞ்ஞோராவின் முகம் தக்காளிச் சோஸின் நிறத்துக்கு வந்தது. "பொலிஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்கோ. அவையும் வந்த உடனை என்ரை பாஸ்போட்டைத்தான் கேப்பினம். நீங்களே எடுத்துக் குடுங்கோ." சந்தையில் பொறுக்கிய இத்தாலிய மொழியில்தான் சொன்னாள், ஆனால் குரலில் சந்தையின் முழுப்பலமும் இருந்தது. சட்டைக்கு மேலால் திறப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மகன் கதவை உதைத்தான்; கதவு பழைய காலத்துக் கதவு, அவன் புதிய காலத்து மகன். கதவிடுக்கால் கத்தரிக்காய் வாசம் சாப்பாட்டறை முழுக்கப் பரவியது. கடைசியில் மொன்சிஞ்ஞோர் எழுந்து வந்தார். இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"சிஞ்ஞோரா," என்றார், திருச்சபையின் கனம் முழுவதும் குரலில் இறங்க, "அந்தப் பெண்ணின் பொருளைக் கொடுத்துவிடுங்கள். அனெல்லெத்தி ஆறுகிறது."

சிஞ்ஞோரா லாச்சியைத் திறந்தா, பாஸ்போட்டை எடுத்தா, பழக்கதோசத்தில் திரும்பவும் பூட்டினா. அருள்நாயகி தன் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு குசினியைத் திறந்தாள். பதினாலு பேருக்கும் பரிமாறினாள். உப்புச் சரியாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தாயிற்று. வியாழன் பேரவை கூடியது. பழைய இங்கிலீசுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் நிறைவேறியது. அருள்நாயகி குசினிக் கதையைச் சொன்னாள், மாஸ்ரர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் சில்லறை, பிள்ளை. மனுசி உள்ளுக்குள்ளை டைனிலேயே உடைஞ்சிட்டுது. அந்தக் கடிதத்தை எங்கடை பேரவை மலரிலை போடவேணும். எனக்கிட்டைப் பிரதி இல்லை. மனுசி எங்கை வைச்சிருக்கு?"

கடிதம் அதே லாச்சிக்குள், மெழுகு உடையாமல், பூட்டிக் கிடந்தது.