பானட்டுக்குள் இருந்தது எந்த எஞ்சின்?

மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் அந்த கார் ஷெட்டுக்குள் நடந்த உரையாடல் முழுவதும் அக்கா வழியாகத்தான் நடந்தது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, பானட்டைத் தூக்கட்டும்."

"பானட்டைத் தூக்கணுமாம்டா."

"தூக்கியாச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்க்கச் சொல்லு உன் வீட்டுக்காரரை."

மாப்பிள்ளைக்குச் சொந்தமாக டயர் கடை. மச்சானுக்குத் தண்ணீர் கேன் வேன் ஓட்டும் வேலை. 'வேன் ஓட்டுறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்' என்று ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை கேட்டுவிட்டார். கேட்டது போகட்டும், மைக் பக்கத்தில் நின்று கேட்டார். அன்றிலிருந்து இப்படி.

கார், இறந்துபோன அப்பாவுடையது. விற்கலாம் என்று போனால், பதிவு அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அந்த மாடலுக்குக் கம்பெனி போட்ட எஞ்சின் இது இல்லையாம். யாரோ மாற்றியிருக்கிறார்கள். என்ன எஞ்சின் என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எஞ்சின் மேல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் வழவழவென்று ராவி வைத்திருந்தார்கள்.

"நம்பர் என்னத்துக்கு? ஸ்டார்ட் பண்ணா சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்" என்றார் மாப்பிள்ளை, பொதுவாகச் சுவரைப் பார்த்து.

ஷெட் காருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். எலி வருகிறதென்று அப்பா ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்திருந்தார். ஒல்லிக்குச்சியான மச்சான் பக்கவாட்டில் நழுவிப் போய், பானட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே நின்றுகொண்டான். மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து டிரைவர் சீட்டுக்குள் நுழைந்தார். முதலில் அவர் போனார், வயிறு பிறகு வந்து சேர்ந்தது. அக்காவுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்றாள். ஷட்டரின் ஸ்பிரிங் போய்விட்டதால், அது கீழே விழாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் நாலைந்து முறை முக்கியது. பிறகு, யாரோ உதைத்து எழுப்பியது போல, தடதடவென்று பிடித்துக்கொண்டது. கார் மொத்தமும் உலுக்கிய உலுக்கில் பின் பம்பர் கட்டையை இடித்தது. கட்டை சரிந்தது. ஷட்டர் ஒரே சத்தமாக இறங்கி, கோணலாகத் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. ஒரு மூலையில் மட்டும் நாலு விரல் இடுக்கு.

இருட்டு. மாப்பிள்ளை சாவியை அணைத்தார்.

எஞ்சின் நிற்கவில்லை.

மறுபடி போட்டு அணைத்தார். சாவியையே வெளியே உருவினார். அது பாட்டுக்கு ஓடியது. பின்னால் புகைக்குழாய் ஷட்டரில் மோதி மோதி, புகை திரும்பி வந்து காரைச் சுற்றியது.

"உன் தம்பிகிட்ட..." என்று ஆரம்பித்தவர், அவள் வெளியே இருக்கிறாள் என்பது உறைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய்! பிளக் ஒயரைப் பிடுங்குடா!"

"ஒயரே இல்ல அத்தான்!"

"இல்லையா? எப்பலேர்ந்து இல்ல?"

"பானட்டைத் தூக்கினதுலேர்ந்து இல்ல!"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? இது டீசல் எஞ்சின். பெட்ரோல் காருக்குள்ள யாரோ டீசல் எஞ்சினைத் தூக்கி வெச்சிருக்காங்க. சாவி கிளப்பறதுக்குத்தான், நிறுத்தறதுக்கும் சாவிக்கும் சம்பந்தமே இல்ல!"

மாப்பிள்ளை கியரைப் போட்டுத் திணறடித்து நிறுத்தலாமென்று கிளட்சை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி வரவில்லை. கியர் கறகறவென்று பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. கதவைத் தள்ளினார். சுவரில் இடித்தது. உள்ளே வந்தபோது இழுத்துப் பிடித்த மூச்சு இப்போது வரவில்லை. இழுத்தால் புகைதான் வந்தது.

மச்சான் சட்டையைக் கழற்றி, எஞ்சினுக்குக் காற்று போகும் வாயை அடைக்கத் தேடினான். ரப்பர் குழாய் ஒன்று வளைந்து வளைந்து மட்கார்டுக்குள் போய் மறைந்திருந்தது. டீசல் குழாயைக் கழற்றலாம். ஸ்பேனர் பை வெளியே.

"எங்கயாவது ஒரு நிறுத்துற லீவர் இருக்கணும் அத்தான். என்ன எஞ்சின்னு தெரிஞ்சாத்தான் எங்கன்னு தெரியும். கண்டபடி கைய விட்டா ஃபேன் விரலை வெட்டிரும்."

"டிராக்டரா இருக்குமோ?"

"சத்தத்தை வெச்சே சொல்றேன்னீங்களே!"

"இருமல்ல சத்தம் கேக்கலடா!"

வெளியே அக்கா ஷட்டரைக் குலுக்கினாள். அசையவில்லை. தெருமுனை வெல்டருக்கு ஃபோன் போட்டாள். கம்பியோடு வருகிறேன் என்றான். அவன் வேகம் ஊருக்கே தெரியும். இடுக்கு வழியாகக் கறுப்பாகப் புகை வந்தது. புடவை அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் படுத்து, வாயை இடுக்கில் வைத்து, "ஏங்க! தம்பி!" என்று கத்தினாள்.

பதிலுக்கு எஞ்சின் சத்தம்தான் வந்தது. தட தட தட தட, பிறகு ஒரு விக்கல். தட தட தட தட, விக்கல்.

அவள் கத்துவதை நிறுத்தினாள்.

அப்பா ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். கரண்ட் போனால் ஐஸ் உருகிவிடும் என்று பின்கட்டில் ஒரு ஜெனரேட்டர். அவள் படுத்து உறங்கிய அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அது விக்கியது. கம்பெனியை மூடியபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். தம்பி அப்போது கைக்குழந்தை.

"ஏங்க! அது நம்ம ஐஸ் கம்பெனி எஞ்சின்!"

"என்ன கம்பெனி?"

"ஐஸ்! ஐஸ்! அப்பா ஜெனரேட்டர்லேர்ந்து எடுத்து கார்ல மாட்டியிருக்கார்! சின்ன வயசுல நான்தான் போய் நிறுத்துவேன், எனக்குத் தெரியும்!"

அவள் குரல் காரின் பின்பாதி வரைதான் வந்தது. முன்னால் நிற்பவனுக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளை பின்கண்ணாடி பக்கம் தலையைத் திருப்பிக் கேட்பதும், முன்கண்ணாடி பக்கம் திரும்பிக் கத்துவதுமாக நடுவில் மாட்டிக்கொண்டார்.

"டீசல் பம்ப்புக்கு மேல, சின்னதா இரும்புக் காது மாதிரி இருக்கும்! பின்னால தள்ளணும்!"

"காது மாதிரியாம்டா! பின்னால தள்ளணுமாம்!"

"எந்தப் பக்கம்னு கேளுங்க!"

"எந்தப் பக்கம்னு கேக்கறான்!"

"வலது கைப் பக்கம்!"

மாப்பிள்ளை அதைக் கத்தியதும் மச்சான் வலது பக்கம் கையை விட்டான். புகைக்குழாய். சுரீரென்று சுட்டது. அலறிக்கொண்டு கையை உருவினான். மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் கட்டி, தூக்கிய பானட்டின் அடி இடுக்கு வழியே எதிரே இருப்பவன் கலங்கலாகத் தெரிந்தான். பந்தியில் என்ன சொன்னோம் என்பது, வேண்டாத நேரத்தில், வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

பிறகு பின்பக்கம் திரும்பினார்.

"அடியே! நீ எங்க நின்னு தள்ளுவே? ஃபேன் பக்கமா, அந்தப் பக்கமா?"

"ஃபேன் பக்கம் அப்பா விடவே மாட்டார்! நான் அந்தப் பக்கம்தான்!"

மச்சான் நிற்பது ஃபேன் பக்கம். அவள் வலது, அவனுக்கு இடது.

"இடது கைடா! ஃபேனைத் தொடாம, மேலாக விடு! பார்த்து!"

அவன் முகத்தைக் காரின் முகப்பில் சாய்த்து, கண்ணை மூடி, விரலால் தடவினான். குழாய். நட்டு. குழாய். அப்புறம் ஆடுகிற ஏதோ ஒன்று, விரல்நுனி அளவு. தள்ளினான். எஞ்சின் முனகியது. விடாமல் அழுத்திப் பிடித்தான். தட, தட, ஒரு விக்கல். நின்றது.

காது இரண்டும் ஙொய்யென்றது. புகை அப்படியே இருந்தது.

மச்சான் சுவரை உரசிக்கொண்டே பின்னால் வந்தான். கதவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, மாப்பிள்ளையை வயிற்றோடு உருவி எடுத்தான். சட்டைப் பொத்தான் இரண்டு போயின. இரண்டு பேரும் ஷட்டர் மூலையில் குப்புற விழுந்து, நாலு விரல் இடுக்கில் வாயை வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு இடுக்குதான். கன்னத்தோடு கன்னம் ஒட்டியது. வெளியே அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே அழுதாள்.

"வெல்டர் வந்துட்டே இருக்காராம்."

"வந்துட்டே இருப்பான்" என்றார் மாப்பிள்ளை. கொஞ்ச நேரம் இருமினார். "கை ரொம்பச் சுட்டிருச்சாடா?"

"வலது கைதான். கியர் போடற கை இல்ல."

"வேலைக்கு எப்படிப் போவே?"

"ஸ்டியரிங் திருப்பக் கஷ்டம்தான். பார்க்கலாம்."

மாப்பிள்ளை யோசித்தார். ஷட்டருக்கு அந்தப் பக்கம் கம்பி இழுபடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"கொப்புளம் அடங்கற வரைக்கும் வேனை நான் ஓட்டறேன்" என்றார், இடுக்கில் இருந்த காற்றைப் பார்த்துச் சொல்வது போல.

மச்சான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"கேனை யார் தூக்கறது அத்தான்?"