ஈரலுக்குள் போகாத மருந்து

தம்பி வல்லரசு மாத்திரையை நிறுத்தி நான்கு மாதமாகிவிட்டது என்று கீதாஞ்சலிக்குத் தெரிந்தபோது, அவன் கண்கள் மஞ்சளாகி ஒரு வாரம் கடந்திருந்தது. தம்பி மனைவி நந்தினிதான் போனில் சொன்னாள்.

"மூணு நாளா சோறு எறங்கல அண்ணி. மூத்திரம் டிகாஷன் மாதிரி போவுது. டாக்டரம்மா மாத்திரை சாப்பிடறாரான்னு கேட்டாங்க. இவரு நிறுத்திட்டேன்றாரு."

கீதாஞ்சலி அப்போது பெங்களூரில் ஆய்வகத்தில் இருந்தாள். அந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

வல்லரசு கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். மல்லாட்டை எனும் வேர்க்கடலை மூட்டைகளைத் திருவண்ணாமலை கமிட்டி மண்டிக்கு ஏற்றிப் போவது அவன் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ரத்ததான முகாமுக்கு ஆசையாகப் போனவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ். ஈரலில் குடியிருக்கும் கிருமி. தினம் ஒரு மாத்திரை, எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அதே வைரஸின்மேல்தான் ஆறு வருடமாகக் கீதாஞ்சலியின் ஆராய்ச்சியும். வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு நொதி வேண்டும். அந்த நொதிதான் அதன் மரபணு எழுத்தைப் படித்துப் படித்துப் படியெடுக்கிறது. கீதாஞ்சலி செய்தது, அந்த எழுத்துகளைப் போலவே ஒரு சின்னச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்திருந்தாள். கந்தகம் இருந்தால் உடம்பு அதைச் சுலபத்தில் வெட்டிப்போடாது. நொதி அதைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் விட முடியாமல் அங்கேயே நின்றுபோகும்.

சோதனைக் குழாயில் அது நின்றது. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தவள், அந்தச் சோதனையின் வரைபடத்தை லேப்டாப்பில் தம்பிக்குக் காட்டினாள். வைரஸ் பெருகுவதைக் காட்டும் கோடு மேலே இருந்து சரிந்து தரையோடு போய்ப் படுத்திருந்தது.

"தொண்ணூறு சதம் நிறுத்துதுடா."

"அப்ப எனக்கு எப்ப போடுவ?"

"வந்துடும்டா," என்று சிரித்தாள். அன்று அவளுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

மாசியில் எல்லாம் கவிழ்ந்தது. அந்தச் சங்கிலி ஈரல் செல்லுக்குள் நுழையவே மறுத்தது. எலிகளுக்கு அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, வைரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, எலிகள்தான் ஈரல் கெட்டுச் செத்தன. இரண்டு வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வீட்டுக்குச் சொல்லவும் இல்லை. பரிசு வாங்கியதையும் பேப்பரில் பெயர் வந்ததையும் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

அவள் திருவண்ணாமலைக்கு வந்த அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்காக வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்ததால் பஸ் செங்கம் சாலையில் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலிலேயே கிளம்பிவிட்டிருந்த கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். வழியிலிருந்த ஆசிரமத்துக்கு எதிரே வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வல்லரசைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ரிப்போர்ட்டைக் கீதாஞ்சலியிடமே கொடுத்தாள். "நீங்க இந்த ஃபீல்டுன்னு சொன்னாங்க. பாருங்க." ஒன்றைத் தாண்டக்கூடாத பிலிருபின், காமாலையின் அளவு, இருபத்திரண்டு. ரத்தம் உறையும் நேரம் மூன்று மடங்காகியிருந்தது. "மாத்திரைய திரும்ப ஆரம்பிச்சிட்டோம். ஆனா லேட்டு. சென்னையில ஈரல் மாத்தறதுக்குப் பேசிப் பாக்கறேன். அதுவரைக்கும் தாங்கணும்."

வல்லரசு சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தான். மூட்டை தூக்கித் திரண்ட தோள் அப்படியே இருந்தது. முகம்தான் வேறு யாருடையதோ போல் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஊசி எடுத்தாந்தியா?"

"எந்த ஊசி?"

"உன்னுதுதான். நீ செஞ்சது."

நந்தினி ஃபிளாஸ்கோடு வெளியே போயிருந்தாள். கீதாஞ்சலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா நிறுத்துன?"

"பங்குனில ஒரு நாள் வேன்ல மாத்திரை டப்பாவ பாத்துட்டானுங்க. யாரோ போன்ல போட்டுப் பாத்து இன்னா வியாதின்னு சொல்லிட்டான். மறுநாள்லேர்ந்து டீக்கடையில எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. அப்பாசாமி என்கூட சின்ன வயசுலேர்ந்து சாப்பிட்டவன், அவனும் தள்ளி உக்காந்தான். உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. அக்கா மருந்து கண்டுபிடிச்சிட்டா, ஒரே ஊசில போயிடும், இது எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த முகத்தைப் பார்த்து இனியும் ஒன்றை மறைக்க அவளால் முடியவில்லை.

"அது வேலை செய்யலடா. உள்ள போகவே இல்ல. எலிக்கே ஒத்துக்கல."

"எப்ப தெரியும்?"

"மாசியில."

மாசிக்கு அடுத்தது பங்குனி. அவன் விரலை மடக்கவில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"நீ சாப்பிட்ட மாத்திரையும் அதே வித்தைதான்டா. ஒரு பொய் எழுத்து. நொதி அத எடுத்துக் கோத்துச்சுன்னா அதுக்கு மேல எழுத முடியாது. எத்தனையோ வருஷமா வேலை செய்யுது. நான் செஞ்சதுதான் செய்யல."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? நீ உன்னுத மட்டும்தான் காட்டுன." கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "நந்தினிகிட்ட சொல்லாத," என்றான். எதைச் சொல்லக்கூடாது என்று அவளும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் அவன் பேச்சு குழம்பியது. மகள் கவியாவைத் தன் அம்மா பெயரால் கூப்பிட்டான். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினான். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் கட்டுப்பாடில்லாமல் படபடத்தன. சென்னையில் இடம் கிடைத்ததாகத் தகவல் வந்த காலையில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியும் ஆயிற்று. அதில் ஏற்றும் முன்பே ரத்த வாந்தி எடுத்தான். பதினோரு மணிக்குப் போய்விட்டான். முப்பத்தொரு வயது.

காரியத்துக்கு அப்பாசாமியும் வந்திருந்தான். பந்தலுக்கு வெளியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் கீதாஞ்சலியே எல்லாவற்றையும் நந்தினியிடம் சொன்னாள். கார்த்திகையில் காட்டிய கோடு, மாசியில் செத்த எலிகள், அவள் மறைத்தது. தம்பி சொல்லாதே என்றதை மீறித்தான் சொன்னாள். நந்தினி துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு போன், அண்ணி," என்றாள் கடைசியில். "ஒரே ஒரு போன்." மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் இன்னொன்று பாக்கி இருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றக்கூடிய கிருமி என்பதால், பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ரத்தம் பார்த்தாயிற்றா என்று கீதாஞ்சலி கேட்டபோதெல்லாம், "பாத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்திருந்தான் வல்லரசு. நந்தினியைக் கேட்டால், அப்படி ஒரு பரிசோதனையே நடக்கவில்லை. தன்னைப் போலவே அவனும் பயந்துதான் பொய் சொல்லியிருக்கிறான் என்று கீதாஞ்சலி நினைத்தாள். அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

மறுநாள் காலை இருவரையும் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனாள். கவியாவுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டிருந்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நந்தினிக்கு வைரஸ் இருந்தது. ஈரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, மாத்திரை உடனே தேவையில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றாள் அதே டாக்டரம்மா.

வெளியே மர நிழலில் நந்தினி காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அப்புறம் எனக்கும் அந்த மாத்திரைதானா?"

"தேவைப்பட்டா அதான். தினம் ஒண்ணு. ஜாஸ்தி நாள் சாப்பிட வேண்டியிருக்கும். ஒருவேளை வாழ்நாள் முழுக்க."

"முழுசா போவாதா?"

"போறது ரொம்ப கம்மி. அடக்கி வைக்கலாம்."

"புதுசா எதுனா வருதுன்னு சொல்லாதீங்க அண்ணி."

"சொல்லமாட்டேன். எதுவும் வரல."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. நந்தினி குழந்தையோடு இருவர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த குழந்தையை இறக்கிப் பக்கத்து இடத்தில் உட்கார வைத்தாள். அந்த இடத்தில் உட்கார வந்த கீதாஞ்சலி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள்.