புதைத்த கோதுமை

...மறுபடியும் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தொர்கு மறுபடியும் குனிந்து பார்த்தான், பச்சைதான், எலும்பூசி முனையளவு பச்சை, புல்லாக இருக்குமோ, புல் இப்படி வரிசையாகவா வரும், மான்கொம்பால் அவனே கீறிய கோடல்லவா அது, பெருமீனை அடித்துப்போட வைத்திருந்த கொம்பு, லெனு கேட்டாள் என்று கல்லில் தேய்த்து நுனியைக் கூராக்கிக் கொடுத்திருந்தான், பெண்டாட்டி கேட்டால் என்ன செய்வது... தெற்கேயிருந்து வந்தவள், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு தோல்பை கோதுமை, அதையும் தின்னாமல் மண்ணுக்குள் போட்டுவிட்டாள். இந்த ஆற்றங்கரையில் மண்ணுக்குள் சாப்பாடு வைப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான், அதைப் பார்த்துவிட்டு அவனுடைய அக்கா ஊர்வா மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள், யாருடா செத்தது, கூடப்பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று. யாரும் சாகல அண்ணி, இது வளரும் என்றாள் லெனு. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், அப்ப எங்கப்பாவும் வளருவாரா, வீட்டுக்கு அடியிலதான் புதைச்சு வெச்சிருக்கோம், எந்திரிச்சு வந்தா முதல்ல உன்னையத்தான் கேப்பாரு, எந்த ஊருடி நீன்னு. எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான்.

லெனு சிரிக்கவில்லை. மீனைத் தின்னு தின்னு எனக்குச் செதிளே வந்துரும்போல, இது முளைக்கலேன்னா எங்கண்ணன் மான்கொம்பு வாங்க வரும்போது அவன்கூடக் கிளம்பிருவேன், விளையாட்டுக்குச் சொல்லலய்யா என்றாள், வயிற்றில் பிள்ளை வேறு, போய்விட்டால் திரும்பி வருவாளா, யார் வருவார்கள்... அன்றிலிருந்து அவனுக்கு மண்மேலேதான் கண், மழை வராதா என்று வானத்தைப் பார்த்தான், வந்ததும் அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தான், குருவிகளை விரட்டினான், ஓணானிடம்கூடச் சண்டைக்குப் போனான், பைத்தியம்தான், இருக்கட்டும், பச்சை, அங்கே இன்னொன்று, அதோ கல்லோரத்தில், மிதித்துவிடப் போகிறோம் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

கூப்பிட்டதும் லெனு வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள், மூக்கு மண்ணில் படக் குனிந்து முகர்ந்தாள். அதேதான், என்றாள். மூக்கு நுனியில் மண். போகமாட்டியே என்று கேட்டான், கேட்டிருக்க வேண்டாமோ... அறுக்காம எங்கய்யா போறது, வெயில் காலத்துக்குள்ள ஒரு அருவா செஞ்சு வெச்சிரு, கொம்புல கல்லுச் சில்லு பதிச்சு, எங்க வீட்டுல இருந்தது மாதிரி. செய்யலாம், மஞ்சள் கல் நன்றாகச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், மரப்பிசினைக் காய்ச்சி ஒட்டினால் பல் ஆடாது, சின்ன அரிவாள் ஒன்றும் செய்யலாம், பிறக்கப்போகிற பிள்ளைக்கு, பிடி மட்டும் போதும், பல் வேண்டாம், சிரிப்பு வந்தது, காரணமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

கீழே கரையிலிருந்து அக்கா கத்தினாள், தோளில் வலையோடு, அடேய், தண்ணி எப்படிடா இருக்கு, பெருமீன் ஏறுதா, இன்னிக்கு வலை போடலாமா. அவனைக் கேட்டுத்தான் வலை இறங்கும், படுத்திருந்தபடியே ஆற்றுச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான், கலங்கலா தெளிவா, ஏறுகிறதா வடிகிறதா. சொல்ல வாயைத் திறந்தான். காலையில் ஆற்றுப் பக்கம் திரும்பினோமா... நேற்று? லெனு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அவனையே பார்த்தாள். ஆறு இரைந்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அந்த இரைச்சல் என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை.