எழுதிக் கொடுக்காத நிலம்

எழுத்தில் வேண்டும் என்று கேட்டது நான்தான். வேறு ஒருத்தரும் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னிடம் வந்து குத்திக்காட்ட வேண்டியதில்லை.

கோயிலுக்குப் பின்னால் கிடந்த நிலம் அது. பழைய கூட்ட மண்டபத்தை இடித்தபோது கொட்டிய செங்கல், உடைந்த பெஞ்சு, கண்ணாடிச் சில்லு எல்லாம் அங்கேதான் கிடந்தன. புதிதாக வந்த பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "இடம் சும்மா கிடக்குது, ஆளுக்கு ஒரு பாத்தி போட்டுக்குங்க. பூசைக்கு வராதவங்களும் வரலாம்" என்று சொன்னாராம். அந்தக் கடைசி வார்த்தை எனக்காகச் சொன்னது. நான் மனைவியைக் கோயிலுக்குள் விட்டுவிட்டு வெளியே சுவரோரம் நிற்கிற ஆள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து கால் ஓரளவு தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. முஷ்டி பிடித்தபடி மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். இடது கையால் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவாள். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் உருட்டுவாள். எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள்தான் தெரியும். நாள் முழுக்க அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று சுருங்கிவிட்டது.

நான் கொத்தனாராக இருந்தவன். இடிபாட்டைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நல்ல செங்கல்லாகப் பொறுக்கிப் பாத்திகளுக்கு வரம்பு கட்டினேன். மனைவியை ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தேன். கொஞ்ச நாளில் அவள் முக்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலையில் திரும்பிப் பார்க்கிறேன், தக்காளிச் செடிக்கு நடுவே முளைத்த புல்லை வலது கையால் பிடித்திருக்கிறாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் விரிந்து புல்லின் அடியைக் கவ்வியிருக்கின்றன. இழுத்தாள், வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். ஏதாவது சொன்னால் நின்றுவிடுமோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது விரலும் விரியத் தொடங்கியபோதுதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நல்லது நடந்தால் நான் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. யார் வந்து பிடுங்கப் போகிறான் என்றுதான் பார்ப்பேன். காரணம் இருக்கிறது. என் தங்கை புருஷன், "நம்ம இடம்தானே மச்சான், கட்டிக்கோ" என்றான். என் கையால் அஸ்திவாரம் போட்டேன், என் கையால் பூசினேன். அவன் செத்த பிறகு அவன் மகன் வந்து நின்றான். "மாமா, எப்ப காலி பண்றீங்க?" என்றான். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இந்த இரண்டாவது மாடிக்கு வந்தோம்.

அதனால் ஒரு நாள் பாதிரியாரைப் பார்க்கப் போனேன். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் அங்கிகளை மடித்துக்கொண்டிருந்தார். தையல்காரி பீடத்துணி தைத்துக் கொண்டுவந்து அளவு காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தோட்டத்தில் சுவரோரம் ஒரு கீரைப் பாத்தி உண்டு. எனக்குப் பூட்டுத் தாத்தா என்று பேர் வைத்தவளும் அவள்தான். கதவைப் பூட்டினால் நாலு தடவை இழுத்துப் பார்ப்பேனாம். என் மனைவி அவளுக்கு அக்கா, நான் மட்டும் தாத்தா.

"ஃபாதர், அந்த இடம் எங்களுக்குன்னு ஒரு பேப்பர் கொடுங்க" என்றேன்.

"நான்தான் சொல்லிட்டேனே பெரியவரே."

"நீங்க சொன்னீங்க. நாளைக்கு உங்களை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அடுத்து வர்றவர் கார் நிறுத்த இடம் வேணும்பார்."

தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணத்தன்னைக்கு அக்காகிட்டயும் எழுதி வாங்கினீங்களா தாத்தா, ஓடிப்போக மாட்டேன்னு?"

"வாங்கலை. அதான் இன்னும் கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கேன்."

பாதிரியார் சிரிக்கவில்லை. "எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிஷப் ஆபீசைக் கேக்கணும். கேக்காம இருக்கிறதே நல்லதுன்னு எனக்குத் தோணுது" என்றார்.

"கேக்காம இருக்கிறது நல்லதுன்னா, அப்ப உள்ள ஏதோ இருக்கு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "சரி, கேக்கறேன்" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

பிஷப் ஆபீசில் அப்படி ஒரு நிலம் இருப்பதையே மறந்து போயிருந்தார்கள். நான் ஞாபகப்படுத்திவிட்டேன். அங்கே சொத்துகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி ஒருவர் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனமாக இருந்தது. பாத்தி வரம்பைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது யார் கட்டினது?"

"நான்தான்."

"சிமெண்ட் போட்டிருக்கீங்களா?"

"இல்லை. வெறும் கல்லை அடுக்கியிருக்கேன்."

"நல்ல வேளை" என்றார். எதற்கு நல்ல வேளை என்று சொல்லவில்லை. போகும்போது கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "முடிவு வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

வெயில் தகிக்கிற மாதம் அது. தக்காளி பிஞ்சு விட்டிருந்த நேரம்.

மறுநாள் காலை மனைவியோடு போனேன். தையல்காரி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். "திருப்தியா தாத்தா? யாராவது கேட்டாங்களா உங்களை? எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலையில நீங்க மட்டும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க" என்று பிடித்துக்கொண்டாள். அவளோடு பதிலுக்குப் பதில் பேசுகிறவன் நான். அன்றைக்குச் சங்கிலியைத்தான் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். "எப்ப?" என்றாள்.

"சீக்கிரம்" என்றேன்.

அவளை ஏமாற்ற முடியாது. திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோரம் குழாயைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம் போவதற்குள் மூன்றாவது விரல் மடங்கிவிட்டது. நான் தினமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது பார்ப்பேன், அவள் தூங்கும்போது பார்ப்பேன். வெந்நீரில் முக்கி வைத்து விரலை நிமிர்த்தப் பார்ப்பேன். நிமிர்த்தினால் முகத்தைச் சுளிப்பாள், விட்டால் சுருண்டுகொள்ளும். பிறகு ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் போயின. நகம் உள்ளங்கையில் அழுந்திப் பிறை போலத் தடம் விழுந்தது. நகத்தை வெட்டவும் முஷ்டி இடம் கொடுக்கவில்லை. அரத்தால் ஓரமாகத் தேய்த்துவிட்டேன். என் வாயால் கெட்டது இந்தக் கை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பாதிரியாரிடம் போய் நின்றேன். "தண்ணி மட்டுமாவது விட்டுக்கறோம் ஃபாதர்."

"சாவி என்கிட்ட இல்லையே."

"சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு விட்டா?"

"இந்தப் பக்கம் நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை" என்றார்.

கோயில் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி, முக்காலியில் ஏறி நின்று சுவருக்கு மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சினேன். குழாய் வாயைக் கட்டை விரலால் அடைத்து எவ்வளவு அழுத்தினாலும் சுவரோரப் பாத்திகள் வரைக்கும்தான் போனது. எங்கள் பாத்தி நட்ட நடுவில். மனைவி கேட் பக்கம் நின்று தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தக்காளி இலைகள் சுருண்டு சாம்பல் நிறமாகி நிற்பது எனக்கு மேலே இருந்து நன்றாகத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தையல்காரி வந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என் கீரைக்குத்தான் தண்ணி விழுது. உங்களுக்கு என்ன லாபம்?"

"கை வலிக்கட்டும்னு புடிக்கறேன்."

"விழுந்து இடுப்பை ஒடிச்சுக்காதீங்க. அக்காவை யார் பாக்கறது?" என்றாள். அதற்குப் பிறகு தினமும் வந்து பிடித்துக்கொண்டாள். திட்டுவதையும் நிறுத்தவில்லை.

கடைசியில் கூட்டம் போட்டார்கள். கோயிலையொட்டிய வகுப்பறையில், பிள்ளைகள் உட்காருகிற குட்டிப் பெஞ்சுகளில் முட்டி தாடையில் இடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அதிகாரிக்கு மட்டும் நாற்காலி. மனைவி என் பக்கத்தில். வலது கையை மடியில் துணிப்பை மாதிரி வைத்திருந்தாள்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "வேற ஒரு கோயில்ல இப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். முதல்ல செடி வெச்சாங்க, அப்புறம் கொட்டகை போட்டாங்க, அப்புறம் கேஸ் போட்டாங்க. அதனால பேப்பர் கிடையாது. யாருக்கும் கிடையாது. ரெண்டு வழி இருக்கு. இடத்தைச் சமப்படுத்தி நிரந்தரமாப் பூட்டிடறேன். இல்லைன்னா, உரிமைன்னு எதுவும் கேக்க மாட்டோம், எப்ப சொன்னாலும் எழுந்து போறோம்னு நீங்க எழுதிக் கொடுங்க."

எழுதி வாங்கப் போன என்னிடமே எழுதி வாங்க வந்திருக்கிறார்! எல்லாரும் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பாத்தி போட்டிருந்த டிரைவர், டீச்சர், தையல்காரி என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. கடைசியில் தாள் என்னிடம் வந்தது.

"பேப்பர் கேட்டவர் நீங்கதானே?" என்றார் அதிகாரி. "உங்க கையெழுத்துதான் எனக்கு முக்கியம். நீங்க போடலைன்னா யாருக்கும் கிடையாது."

எனக்குச் சிமெண்ட் மூட்டையில் இருக்கிற அளவு எழுத்துதான் படிக்க வரும். இது எறும்பு வரிசை போல இருந்தது. தையல்காரி எழுந்து வந்து வாசித்தாள். அவர் சொன்னதேதான்.

"அவ்வளவுதானா?" என்றேன். "நடுவுல எதையும் முழுங்கலையே?"

"முழுங்கறதா இருந்தா ஊசியைத்தான் முழுங்கியிருப்பேன் தாத்தா. போடுங்க."

பேனாவை வாங்கினேன். தங்கை மகன் வாசலில் நின்று கேட்டது காதில் ஒலித்தது. அப்போதாவது என்னிடம் பேப்பர் இல்லை, அவ்வளவுதான். இப்போது எனக்கு ஒன்றும் கிடையாது என்று நானே என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிரியாரைப் பார்த்தேன்.

"ஃபாதர், நீங்க எங்களைப் போகச் சொல்வீங்களா?"

"நான் இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"அதை எனக்கும் யாரும் எழுதிக் கொடுக்கலை பெரியவரே."

யாரோ பின்னால் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். நான் சிரிக்கவில்லை. பாதிரியார் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மனைவி இடது கையால் என் முழங்கையை இடித்தாள். "போடு" என்றாள். நாற்பது வருஷமாக என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவள். போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோணல்தான். அன்றைக்கு இன்னும் கோணல்.

அதிகாரி அப்போதே வந்து சங்கிலியைக் கழற்றினார். உள்ளே போனோம். சுவரோரம் கீரை தளதளவென்று நின்றது. நடுப்பாத்திகளில் முக்கால்வாசி காய்ந்து போயிருந்தது. எங்கள் தக்காளியில் இரண்டு செடியில் மட்டும் அடித்தண்டு பச்சையாக இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன், ஈரம் இருந்தது. புல்லுக்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை, முட்டி உயரம் வளர்ந்திருந்தது.

மனைவி தரையில் உட்கார்ந்தாள். வலது கையைப் புல் அருகே கொண்டுபோனாள். விரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மூடின முஷ்டியாலேயே புல்லைத் தரையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, இடது கையால் பிடுங்கினாள். வேரோடு வந்தது.

இப்போது தினமும் போகிறோம். விரல் இன்னும் விரியவில்லை. கட்டை விரல் அசைகிறது என்று தையல்காரி சொல்கிறாள். நான் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. நேற்று நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கேட் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். இடத்தைக் கேட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குத் தேதி கேட்க வந்தவர்கள். பாதிரியாரின் அறையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். நான் போட்டுவிட்டுப் போன இடத்தில் குழாயிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிப் பாத்தியெல்லாம் தேங்கி நின்றது.

"குழாய்" என்றாள் மனைவி.

"தெரியுது, தெரியுது" என்று அதைப் போய் நிறுத்தினேன்.