ழ வருகிற இடம்

எழிலியைக் கூப்பிட வேண்டுமென்றால் தேவயானி கைதட்டுவாள். பெற்ற மகளின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது மோகனின் உத்தரவு. அவள் வாயில் அந்தப் பெயர் எயிலி என்றுதான் வரும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வசந்தி கேட்டாள். "இன்னாடி, மாட்ட முடுக்கற மாதிரி தட்டிக்கினு கீற? பேரச் சொன்னா தேஞ்சிப் பூடுமா?" தேவயானி சிரித்து வைத்தாள். குழந்தை முன்னால் அவளுக்கு அனுமதிக்கப்பட்டது அது ஒன்றுதான்.

மலைக்காரர்களின் பேச்சை ஆராயத்தான் மோகன் முதலில் புதூர்நாட்டுக்கு வந்தான். கோயி, மய, கியவி என்று அவள் சொல்லச் சொல்ல ஃபோனில் பதிவு செய்துகொண்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது அவர்களை அதட்டினான். "இதுல தப்பே இல்ல. ழ வர்ற எடத்துல எல்லாம் ய வருது. ஒரு எடம் கூடத் தவறல. இதுக்குப் பேருதான் ஒழுங்கு." தன் வாய்க்குள் ஓர் ஒழுங்கு இருப்பதாக அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு முனைவர் பட்டமும் மலைப்பள்ளியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தன.

இப்போது மகளைத் திருப்பத்தூரில் ஒரு பெரிய பள்ளியில் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை நேர்காணல்.

"அதுவரைக்கும் கொழந்த முன்னாடி வாயத் தொறக்காத."

"பெத்தவ பேசாம எப்பிடிங்க இருக்கறது?"

"தலைய ஆட்டு. சிரி. போதும்."

எழிலி கோழியைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். மழையும் வந்தது. அதற்கப்புறம்தான் வினை. நாயை நாழ் என்றாள். வாயை வாழ் என்றாள். மோகன் அதைக் கிண்டல் என்றே நினைத்தான். தேவயானிக்குப் புரிந்தது. தன் மடியில் கேட்டவரை குழந்தைக்கு இரண்டும் ஒரே ஒலி. எதில் நாக்கை மடிக்க வேண்டும், எதில் கூடாது என்று அதற்கு எப்படித் தெரியும்? அடிக்குப் பயந்து எல்லாவற்றிலும் மடிக்கிறது. இதைக் கணவனிடம் சொல்லலாம்தான். ஆனால், ஒலிகளைப் பற்றி அவனுக்கே பாடம் எடுப்பதா என்று கத்துவான்.

சனிக்கிழமை மதியம் மோகன் குழந்தையை இருட்டுக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டான்.

"நாய்னு சொல்லு, தொறக்கறேன்."

"நாழ்…"

"நாய்!"

உள்ளே அழுகை வெடித்தது. "ஏய், அயாத!" என்று கத்தினான் மோகன். சொந்த ஊரான படவேட்டில் அவனைப் பெற்றவள் அதட்டிய அதே அயாத. அது தன் வாயிலிருந்து வந்ததை அவன் கவனிக்கவில்லை. தேவயானி கவனித்தாள்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அப்பா… பழம்… பழம்ப்பா…"

மோகனின் முகம் மலர்ந்தது. "கேட்டியா? எவ்ளோ சுத்தமா வருது பாரு!" ஃபோனை எடுத்துக் கதவிடுக்கில் பிடித்தான். "இன்னொரு வாட்டி சொல்லு, தங்கம்."

"பழம்ப்பா!"

தேவயானி கதவருகே ஓடினாள். குழந்தை பழம் கேட்கவில்லை.

"ஏங்க, தொறங்க. அது பயங்க. பயம்!"

"ஆமா, பழந்தான். எனக்குக் காது இல்லியா?"

"அய்யோ, பழமில்லீங்க" என்று சொல்ல நினைத்தாள். நாக்கு எழும்பி மேலண்ணத்தைத் தேடிவிட்டு, எதுவும் கிடைக்காமல் இறங்கியது. "பயமில்லீங்க, பயம்… பயந்து…" என்று ஏதோ வந்தது. உன் குரல் விழுந்தால் பதிவு கெட்டுவிடும் என்பதுபோல அவன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவன் முதுகு தாழ்ப்பாளை மறைத்திருந்தது.

கதவின் அடியிடுக்கு வழியே நான்கு சின்ன விரல்கள் ஈரத்தோடு வெளியே வந்து சிமெண்ட் தரையைத் தடவின. தேவயானி முழங்காலிட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கு மேலே ஃபோன் திரையில், குழந்தை கத்தும்போதெல்லாம் ஒரு சிவப்புக் கோடு குபீரென்று எழும்பி அடங்கியது.